மீன் பிடிக்கப் போகிறவரின் மனைவிக்கு

வடபழனியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்:

"என் கணவருக்கு அடுத்த வருஷம் உத்தியோகத்திலிருந்து ஓய்வு. பிராவிடண்ட் பண்டு பணம் கைக்கு வந்ததும் இரண்டு பேருமாகக் காசிக்குப் போய் வரலாம் என்று நான் நினைத்திருந்தேன். அவரோ, 'வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, காட்டுக்குள் ஓர் ஆற்றங்கரையில் நாலு நாள் தங்கி, மாசீர் மீனைத் தூண்டிலில் பிடித்துப் பார்த்துவிட வேண்டும்' என்கிறார். எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை! நான் சிரிப்பதா, அழுவதா?"

சிரிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம், சகோதரி. முப்பது வருஷமாக நூறடி ரோட்டுப் புகையில் பஸ் பிடித்து ஆபீசுக்குப் போய் வந்த மனிதர் அவர். தெருவில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டால் குடத்தோடு ஓடுகிற பேட்டையில் குடியிருப்பவர். மனித நடமாட்டமே இல்லாத ஓர் ஆற்றை அவர் மனம் தேடினால் அதில் ஆச்சரியம் என்ன? ஆண்கள் பலர் தங்கள் ஆசையை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. இவர் சொல்லியிருக்கிறார். அதை "இந்த வயசில் இதென்ன பைத்தியம்?" என்ற ஒரு வார்த்தையில் அடித்துவிடாதீர்கள்.

அதற்காக யோசிக்காமல் தலையை ஆட்டிவிடவும் கூடாது. என்ன மீன், எந்த ஆறு, சட்டம் இடம் தருகிறதா, கையைக் கடிக்குமா என்ற நாலு கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டு, இந்தப் பிரயாணத் திட்டத்தில் சரிபாதியை நீங்களே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற வீடுகளிலும் இப்படி ஓர் ஆசை ஒளிந்துகொண்டிருக்கலாம் என்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

மாசீர் என்பது எது?

சிருங்கேரிக்குப் போனவர்கள் அந்த மீனைப் பார்த்திருப்பீர்கள். சாரதாம்பாள் கோயிலுக்குப் பின்னால் துங்கா நதிப் படித்துறையில் நின்று பொரியைத் தூவினால், கறுத்த முதுகோடு கும்பல் கும்பலாக மேலே வருகின்றனவே, அவற்றில் மாசீர் உண்டு. கெண்டை இனத்தைச் சேர்ந்த ஆற்று மீன் அது. பெரிய மீன் என்றால் ஒரு செதிளே உள்ளங்கை அகலம் இருக்கும். கர்நாடகத்தில் காவேரிக் கரையிலுள்ள ராமநாதபுரத்திலும் கோயில் மீன் என்று சொல்லி அதைப் பிடிக்காமல் காத்து வருகிறார்கள்.

மாசீரில் பல ஜாதிகள். அவற்றில் மிகப் பெரியது நம் காவேரிக்கே சொந்தமான, முதுகு தூக்கிய, ஆரஞ்சுத் துடுப்பு மாசீர். காவேரியிலும் அதன் கிளை நதிகளிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக அது கிடையாது. 1946-ல் மைசூரில் வசித்த வான் இங்கன் என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தூண்டிலில் பிடித்த மாசீரின் எடை 120 ராத்தல். அதாவது ஏறக்குறைய 54 கிலோ. மளிகைக் கடையிலிருந்து வருகிற 25 கிலோ அரிசி மூட்டை இரண்டைச் சேர்த்துக் கட்டினாலும் அந்த மீனுக்கு ஈடாகாது! இன்னொரு விஷயம்: இந்த ராட்சசனைப் பிடிக்கக் காவேரிக் கரையில் இரையாக வைத்தது பெரும்பாலும் நம் சமையலறைச் சரக்குதான். ராகி மாவைக் கிளறி உருட்டிய களி உருண்டை!

காவேரியில் இனி முடியாது

பெங்களூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில், காட்டுக்குள் காவேரிக் கரையில் பீமேஸ்வரி, தொட்டமக்களி, காலிபோர் என்று மூன்று முகாம்கள் உண்டு. ஒரு காலத்தில் மாசீர் பிடிப்பதற்காக வெளிநாட்டாரெல்லாம் அங்கே வந்து கூடாரத்தில் தங்கினார்கள். 1972-ல் ஏற்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கத்தார் அந்த ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டார்கள். பிடித்த மீனை எடை பார்த்து, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. திருட்டுத்தனமாக வெடி போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் சிலரே வழிகாட்டிகளாகச் சம்பளத்துக்கு வந்து, அதே மீனுக்குக் காவலாக மாறினார்கள்.

அந்தப் பகுதி வனவிலங்குச் சரணாலயம். சரணாலயத்துக்குள் பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று முடிவாகி, 2012-ஐ ஒட்டி அங்கே தூண்டில் போடுவது நின்றுபோயிற்று. பீமேஸ்வரியில் இன்றும் தங்கலாம், பரிசலில் போகலாம், பறவை பார்க்கலாம். தூண்டில் மட்டும் கூடாது. தமிழ்நாட்டுப் பக்கத்திலும் 2014-ல் காவேரி வடக்கு, 2022-ல் காவேரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் ஏற்பட்டுவிட்டன.

இதில் நம்மைப் போன்ற கணக்கு நோட்டுக்காரிகளுக்குப் பிடித்த ஒரு செய்தி இருக்கிறது. காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை, எந்த நாளில் எந்த மீன் எத்தனை கிடைத்தது என்று குறித்து வைத்திருந்தார்கள். பிற்பாடு விஞ்ஞானிகள் அந்தக் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது ஒரு விஷயம் வெளிப்பட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத் துடுப்பு மாசீர் பெருகிக்கொண்டே போக, காவேரியின் சொந்தப் பிள்ளையான ஆரஞ்சுத் துடுப்பு மாசீர் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. நல்ல எண்ணத்தோடுதான் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். லோணாவ்லாவில் டாட்டா மின்சாரக் கம்பெனியார் 1970-களிலிருந்து மாசீர்க் குஞ்சு வளர்த்து நாடெங்கும் கொடுத்து வந்தார்கள். ஆனால் வந்த விருந்தாளி வீட்டுக்காரனையே வெளியே தள்ளிவிட்ட கதையாயிற்று. அணைகள், மணல் வாருதல், வெடி ஆகியவை வேறு. 2018-ல் அந்த மீன், அடியோடு அழியும் நிலையிலுள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. மீன் பிடிப்பவர்கள் பொழுதுபோக்காக எழுதி வைத்த நோட்டு இல்லாவிட்டால் இந்தச் சரிவு இத்தனை தெளிவாகத் தெரிந்திருக்காது.

ஆகையால், "எனக்கு ஓர் ஆளைத் தெரியும், காவேரியிலேயே ஏற்பாடு செய்து தருகிறேன்" என்று யாராவது உங்கள் கணவரிடம் சொன்னால், அந்த ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து வழியனுப்பிவிடுங்கள். மீனுக்கும் கேடு, ஓய்வு பெற்றவரின் கௌரவத்துக்கும் கேடு.

அப்படியானால் எங்கே?

வடக்கே இரண்டு இடங்களைச் சொல்லலாம்.

முதலாவது பஞ்சேஸ்வர். உத்தராகண்டில் சம்பாவத் ஜில்லாவில், சரயு நதி மகாகாளி நதியோடு கூடுகிற இடம். எதிர்க்கரை நேபாளம். புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் பெயரோடு சேர்ந்த ஜில்லா இது. 1944-ல் வெளிவந்த தம் புத்தகத்தில், புலிக் கதைகளுக்கு நடுவே மாசீர் மீனுக்கென்றே அவர் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். இந்த ஆற்றில் இருப்பது தங்க நிற மாசீர். இதுவும் அருகி வரும் இனமே. ஆகவே பிடித்ததும் விட்டுவிட வேண்டியதுதான். மழைக்கு முன் மார்ச் முதல் மே வரையிலும், மழை ஓய்ந்தபின் அக்டோபர், நவம்பரிலும் ஆறு தெளிந்திருக்கும். மழைக் காலத்தில் மாசீர் முட்டையிடக் கிளையாறுகளுக்கு ஏறிப் போகும். அப்போது தொந்தரவு செய்யக் கூடாது. டில்லியிலிருந்து டனக்பூர் வரை ரயில், பிறகு லோகாகாட் வழியாக வளைந்து வளைந்து மலைப் பாதை. இங்கே பெரிய அணை கட்டுவதற்கு இந்தியாவும் நேபாளமும் 1996-ல் ஒப்பந்தம் செய்துகொண்டன. அது கட்டப்பட்டால் இந்தக் கூடுதுறை தண்ணீருக்குள் போய்விடும். "பிறகு பார்க்கலாம்" என்று ஒத்திப்போட முடியாத இடம் என்று இதனால்தான் சொல்கிறேன்.

இரண்டாவது, ஹிமாசலப் பிரதேசத்தில் குலு ஜில்லாவைச் சேர்ந்த தீர்த்தன் பள்ளத்தாக்கு. இங்கே மாசீர் இல்லை, டிரவுட். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட குளிர்நீர் மீன். நம் நீலகிரியிலும் விட்டு, 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க நிலையமே வைத்தார்கள். தீர்த்தனில் தூண்டில் போட அரசாங்க மீன்வளத் துறையின் லைசென்ஸ் வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய மீன் முட்டையிடும் காலம் என்று தடை. மார்ச் முதல் ஜூன் வரையிலும், செப்டம்பர், அக்டோபரிலும் போகலாம். டில்லியிலிருந்து மணாலிக்குப் போகிற இரவு பஸ்ஸில் ஏறி, ஆவுட் என்ற ஊரில் இறங்கிப் பஞ்சார் பாதையில் திரும்ப வேண்டும்.

மனைவியும் கூடப் போவதானால் நான் தீர்த்தனுக்கே ஓட்டுப் போடுவேன். பஞ்சேஸ்வரில் ஆறும் மலையும் தவிர வேறில்லை. தீர்த்தனிலோ ஆப்பிள் தோட்டம், மரத்தால் கட்டிய கோயில்கள், 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பெரிய இமாலயத் தேசியப் பூங்காவின் வாசல் எல்லாம் கிட்டத்தில். பஞ்சார்ப் பள்ளத்தாக்கின் தெய்வம் யார் தெரியுமா? சிருங்க ரிஷி! சிருங்கேரிக்குப் பெயர் தந்த அதே ரிஷ்யசிருங்கர். மீன் பார்த்த இடத்துக்கும் மீன் பிடிக்கும் இடத்துக்கும் ஒரே முனிவர் காவல் என்றால், காசிக்குப் போக நினைத்த மனசுக்கும் கொஞ்சம் சமாதானம் கிடைக்காதா?

பணக் கணக்கு

ஒரு முழு வெள்ளைத் தாளை எடுத்து ஐந்து பத்தி போடுங்கள். போக்குவரத்து, தங்குமிடமும் சாப்பாடும், வழிகாட்டியும் லைசென்சும், சாமான்கள், கையிருப்பு. கையிருப்பு என்பது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். மலைப் பாதையில் மண் சரிந்தால் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க வேண்டி வரும். அப்போது கைமாற்றுக் கேட்க அங்கே பக்கத்து வீட்டு மாமி கிடையாது.

சாமான்கள் என்ற பத்தியில் கண் வையுங்கள். முதல் தூண்டில் வாங்கிய கையோடு இரண்டாவது தூண்டில் வாங்கத் தோன்றும். நாலு நாள் காரியத்துக்குக் கோலும் ராட்டையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தங்குமிடத்திலேயே வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். முன்கூட்டிப் பழக வேண்டுமானால், தங்கூஸ் நரம்பின் நுனியில் முள்ளுக்குப் பதிலாக ஒரு சின்ன ரப்பர்க் கட்டையைக் கட்டி மொட்டை மாடியில் வீசிப் பழகட்டும். கொடியில் உலர்கிற உங்கள் புடைவைதான் அவருக்கு அகப்படும் முதல் மீனாக இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் தங்குமிடத்தாரிடம் இவற்றைக் கேட்டு எழுத்து மூலம் வாங்கிக்கொள்ளுங்கள்: லைசென்ஸ் யார் பெயரில், எந்தத் துறை தருகிறது? நாங்கள் தூண்டில் போடப்போகிற இடம் சரணாலய எல்லைக்கு வெளியேதானா? மழையாலோ உடம்பு சரியில்லாமலோ வர முடியாவிட்டால் எவ்வளவு பணம் திரும்பும்? வழிகாட்டி உள்ளூர்க்காரரா? சைவச் சாப்பாடு தனிப் பாத்திரத்தில் சமைப்பார்களா? டாக்டர் எத்தனை மணி தூரத்தில் இருக்கிறார்? போன் எடுக்குமா? கடைசி இரண்டுக்கும் மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

ரயில் டிக்கெட் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே முதலில் தங்குமிடத்தின் தேதியை உறுதி செய்துகொண்டு, அறுபதாம் நாள் காலையில் விழிப்பாக இருங்கள்.

உடம்பு விஷயம்

ஓய்வு பெறுகிற வயசில் முழங்காலும் ரத்தக் கொதிப்பும் நம் சொல்லைக் கேட்பதில்லை. மூன்று மாதம் முன்னாலேயே தினம் ஒரு மணி நேர நடை. மாடிப் படி ஏறி இறங்கல். மாத்திரைகளை இரண்டு பங்காக வைத்து, ஒன்றை அவர் பையிலும் ஒன்றை உங்கள் பையிலும் எடுத்துச் செல்லுங்கள். மூக்குக் கண்ணாடிக்குக் கழுத்துக் கயிறு அவசியம். ஆற்றில் விழுந்த கண்ணாடியை எந்த மீனும் எடுத்துத் தராது. ஆற்றுக் கல்லில் பாசி வழுக்கும். ஆகவே பிடிப்புள்ள பாதணி வேண்டும். படகிலோ ஆழமான கரையிலோ லைப் ஜாக்கெட் இல்லாமல் நிற்க விடாதீர்கள். நீச்சல் தெரியும் என்று சொல்கிற மனிதருக்கும் இது பொருந்தும். நீச்சல் தெரிந்தது முப்பது வருஷத்துக்கு முன்னால்!

உயிர்க் கொலை அல்லவா?

முட்டை வாங்காத வீட்டின் உண்மையான கேள்வி இதுதான். மழுப்பாமல் சொல்கிறேன். பிடித்து விட்டுவிடுவதில் கொலை நோக்கம் இல்லை. ஆனால் துன்பமே இல்லை என்று சொல்ல முடியாது. நெடுநேரம் போராடிக் களைத்த மீன் சில சமயம் பிற்பாடு இறந்துபோவதும் உண்டு. அதை எவ்வளவு குறைக்கலாம் என்பது பிடிப்பவர் கையில் இருக்கிறது. முள் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் வாயிலிருந்து சுலபமாகக் கழன்று வரும். நரம்பு பலமாக இருந்தால் போராட்டம் சீக்கிரம் முடியும். நனைந்த கையால்தான் தொட வேண்டும், உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். தண்ணீரை விட்டு வெளியே தூக்காமல் படம் எடுக்கலாம். கடைசியில் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக அதை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு, அதுவாக வாலை வீசிப் போகிற வரையில் பொறுத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 'மஸ்கி' என்று ஒரு மீனுக்காக இப்படியே வாழ்நாள் ஆசை வைத்துக் காட்டு விடுதிகளுக்குப் போகிறார்கள். டொராண்டோவில் பிள்ளையோ பெண்ணோ இருக்கிற வீட்டார் அடுத்த முறை விசாரித்துப் பாருங்கள். அதற்குப் 'பத்தாயிரம் வீச்சு மீன்' என்று செல்லப் பெயர். பத்தாயிரம் தடவை தூண்டில் வீசினால் ஒன்று கிடைக்குமாம்! 1949-ல் அங்கே பிடித்த 67½ ராத்தல் மஸ்கி இன்றைக்கும் சாதனையாக நிற்கிறது. அந்த இனத்தில் மிகப் பெரியவை பெண் மீன்கள்தாம். ஆசையாகப் பிடிக்கிற பெரிய மீன், ஆயிரமாயிரம் முட்டை சுமக்கும் தாய். அதனால்தான் அங்கே நல்ல மீன்பிடிகாரன் அதைத் திரும்ப விடுவதையே கௌரவமாக நினைக்கிறான்.

இவ்வளவு தெரிந்த பிறகும் உங்கள் மனம் ஒப்பவில்லையானால், அதைக் கணவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். முள்ளே கட்டாமல் நரம்பை வீசிக்கொண்டு ஆற்றங்கரையில் நாலு நாள் இருக்கலாம். பீமேஸ்வரியில் பரிசலில் போய் வரலாம். அவர் எதற்கு இசைகிறார் என்று பாருங்கள்.

ஒரே ஒரு கேள்வி

எல்லாம் கூடி வந்தபின், சாப்பாடு ஆன ஒரு சாயங்காலம் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "ஒரு மீன்கூட அகப்படாவிட்டாலும் போய் வந்ததற்குச் சந்தோஷப்படுவீர்களா?" இல்லை என்றால், வேண்டாம், நாலு நாள் பிடிக்காமல் போவது மிகவும் சகஜம், அந்த ஏமாற்றம் வீடு வரை வந்து வருஷக்கணக்கில் தங்கும். ஆமாம் என்றால், அவர் தேடுவது மீனை அல்ல, ஆற்றை. தாராளமாகப் புறப்படுங்கள்.

இரண்டு பேருமாகவே புறப்படுங்கள். உங்கள் காசி என்ன ஆவது என்றுதானே? அதையும் அதே வெள்ளைத் தாளில் ஆறாவது பத்தியாக எழுதுங்கள். டில்லியிலிருந்து காசி ஓர் இரவுப் பிரயாணம். காசியிலிருந்து சென்னைக்கு வருகிற ரயிலின் பெயரே கங்கா காவேரி எக்ஸ்பிரஸ். அவருடைய நாலு நாள், உங்களுடைய நாலு நாள், வழிப் பயணம் என்று பதினைந்து நாளில் முடிந்துவிடும். பெண்கள் தங்கள் ஆசையை "அப்புறம் ஆகட்டும்" என்று தள்ளித் தள்ளியே பழகிவிட்டோம். வாழ்நாளில் ஒரு தடவை என்று அவர் சொன்னது அவருடைய வாழ்நாளை மட்டும் அல்ல, உங்களுடையதையும்தான் என்பதை இருவரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றபின் பார்க்கலாம் என்று தேதி போடாமல் வைத்திருந்த பிரயாணங்களைப் பற்றி எத்தனை வீடுகளில் பெருமூச்சு கேட்டிருக்கிறோம்! காலண்டரில் இப்போதே ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு, வருகிறவர்களிடமெல்லாம் அவர் இரண்டு கைகளையும் விரித்து மீனின் நீளத்தைக் காட்டுவார். மாதத்துக்கு ஓர் அங்குலம் வீதம் கை அகன்றுகொண்டே போகும். கண்ணால் பார்த்த சாட்சி நீங்கள் ஒருவர்தான். ஓர் அடி வரையில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால், காப்பி கொண்டுவருகிற சாக்கில் லேசாக இருமுங்கள், போதும்.